தலையாட்டும் சபையும் தலைவர் கடமையும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

  

'தலைமைத்துவம்' என்ற தலைப்பில் பேசுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைவர் என்றவுடன் பெரிய பெரிய மேடைகளும் மாலைகளும்தாம் நம் கண்முன் வருகின்றன. ஆனால் நம் தோட்டத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். கோயில் தலைவர் இருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் இருக்கிறார். தொழிற்சங்கக் கிளைத் தலைவர், காற்பந்துக் குழுத் தலைவர், வகுப்புத் தலைவர் என்று வரிசையாக இருக்கிறார்கள். வீடு என்று எடுத்துக்கொண்டால் அங்கே அப்பா தலைவர். அப்பா வெளியே போனால் அம்மா தலைவர். சில வீடுகளில் அப்பா உள்ளே இருந்தாலும் அம்மாதான் தலைவர்! ஆகவே இது நம் அனைவருக்கும் உரிய பேச்சு.

நம் கூட்டங்களின் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு வாக்கியம் இருக்கும்: "தீர்மானம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது." படிக்கும்போது பெருமையாக இருக்கிறது. நம்மிடையே எவ்வளவு ஒற்றுமை என்று நெஞ்சு நிமிர்கிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏகமனதுக்குள்ளே என்ன ஒளிந்திருக்கும் என்பதை எனக்குப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கற்றுக்கொடுத்தான். அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

2013ஆம் ஆண்டு. பயிற்சி முடித்து நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வேறொரு தோட்டம், வேறொரு பள்ளி, பெயர் வேண்டாம். அப்போது ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. 1988இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அன்றைக்கு ஒரு பள்ளியின் மானம், மரியாதை எல்லாம் அந்த ஒரு தேர்வில்தான் இருந்தது.

ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்தது. தலைவர் எழுந்து, "இந்த வருஷம் நம்ம இலக்கு நூறு விழுக்காடு தேர்ச்சி. பக்கத்துத் தோட்டத்துப் பள்ளி வாங்கிட்டாங்க, நாம வாங்க முடியாதா? யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். தீர்மானம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மறுநாளே பள்ளி வாசலில் பெரிய பதாகை ஏறியது.

அந்த வகுப்பில் 17 பேர். அவர்களில் நான்கு பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாற்றம். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் புதிது. பேசினால், "வந்ததும் வராததுமா இந்த டீச்சர் அபசகுனமா பேசுது" என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. தன்முனைப்பு முகாம், சிறப்பு வகுப்பு, பழைய தேர்வுத்தாள், கோயிலில் அர்ச்சனை எல்லாம் நடந்தன. படிக்கத் தெரியாத அந்த நான்கு பேரும் மற்றவர்களோடு உட்கார்ந்து, படிக்க முடியாத கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர்களில் ஒருவன் என் மேசைக்கு வந்தான். மெல்லிய குரலில் கேட்டான்:

"டீச்சர், நாங்க நாலு பேரும் அன்னைக்கு ஸ்கூலுக்கு வரலன்னா, நூறு விழுக்காடு வந்துரும்ல?"

அன்பர்களே, கணக்கில் பின்தங்கிய பையன் என்று நாங்கள் முத்திரை குத்தியிருந்த பிள்ளை அவன். அவன் போட்ட கணக்கு சரியான கணக்கு. நாம் வைத்த இலக்கிலே தனக்கு இடமில்லை என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான். தான் இல்லாமல் போனால்தான் பள்ளி ஜெயிக்கும் என்று ஒரு குழந்தை நினைக்கும்படி, பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து கைதட்டியிருக்கிறோம்.

அன்று மாலையே அவன் அப்பாவைப் பார்க்க லயத்துக்குப் போனேன். அவர் குலை வெட்டுபவர். நடந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே, "எனக்குத் தெரியும் டீச்சர், பையன் படிக்கமாட்டான்னு. அன்னைக்கிக் கூட்டத்துல சொல்லணும்னுதான் வந்தேன். அத்தனை பேரு கை தட்டுறப்ப நான் மட்டும் எப்படி எந்திரிக்கிறது?" என்றார். பிறகு விசாரித்தேன். முதலாம் ஆண்டு ஆசிரியைக்கும் தெரியும். கோயில் பெரியவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. "எனக்கென்னமோ சரியாப் படலம்மா. ஆனா படிச்சவங்க நீங்கள்லாம் தட்டுறீங்களேன்னு நானும் தட்டிட்டேன்" என்றார். பாருங்கள்! அவர் என்னைப் பார்த்துத் தட்டினார். நான் அவரைப் பார்த்துத் தட்டினேன். ஏகமனது என்று எழுதப்பட்ட அந்தத் தீர்மானத்திலே பல மனங்கள் சேரவே இல்லை. கைகள் மட்டும்தான் சேர்ந்திருந்தன.

அந்தப் பையன் தேர்வுக்கு வந்தான். கையைப் பிடித்து அழைத்து வந்தோம். இரண்டு பாடங்களில் தேறினான், மற்றவற்றில் தேறவில்லை. பதாகை அந்த ஆண்டு முடிவில் அமைதியாக இறக்கப்பட்டது. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒருவர் வாய் திறந்திருந்தால், அந்த நான்கு பேருக்கும் எட்டு மாதங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அந்த எட்டு மாதம் திரும்பி வராது. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த உளவியல் அறிஞர் இர்விங் ஜேனிஸ் என்பவர் 1972இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆங்கிலத்தில் 'குரூப்திங்க்' என்பார்கள். நாம் 'கூட்டத் தலையாட்டல்' என்று வைத்துக்கொள்வோம். முட்டாள்கள் கூடினால் தவறு செய்வது வியப்பில்லை. அறிவாளிகள், ஒருவரை ஒருவர் மதிப்பவர்கள், ஒற்றுமையாக இருப்பவர்கள் கூடியும் பெரும் தவறு செய்கிறார்களே, ஏன் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அவர் கண்ட விடை இதுதான்: ஒற்றுமையைக் கெடுக்கக்கூடாது என்ற ஆசை, உண்மையைத் தேடும் ஆசையை மிஞ்சிவிடுகிறது.

அதற்கும் முன்பே, 1951இல் சாலமன் ஆஷ் என்ற அறிஞர் ஒரு சோதனை செய்தார். மாணவர்களே, கவனமாகக் கேளுங்கள். சில கோடுகளைக் காட்டி, இந்தக் கோட்டுக்குச் சமமான கோடு எது என்று ஒரு குழுவிடம் கேட்டார். குழுவில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே தவறான கோட்டைச் சொன்னார்கள். கண்ணெதிரே விடை தெரிந்தும், அந்த ஒருவர் பல தடவை கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார். சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர் ஒரு தடவையாவது இப்படித் தவறினார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், இந்தத் தவறு பெருமளவு குறைந்துவிட்டது. ஒரே ஒரு குரல் எத்தனை பேருக்குத் துணிவு கொடுக்கிறது பாருங்கள்!

'இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை, நமக்கென்ன?' என்று நினைத்துவிடாதீர்கள். நம் மண்ணிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

1937இல் மலாயாவில் இருந்த ஆங்கிலேயப் படைத் தலைமை ஓர் ஆய்வு செய்தது. சிங்கப்பூரை எதிரி கடல் வழியாகத்தான் தாக்குவான் என்று பலரும் நம்பியிருந்த காலம். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் கிழக்குக் கரையில் எதிரி இறங்க முடியும், வடக்கிலிருந்து தரைவழியாக வர முடியும் என்று அந்த ஆய்வு எச்சரித்தது. அப்போது அங்கே முதன்மை உதவி அதிகாரியாக இருந்து அந்த ஆய்வில் பங்கேற்றவர் பெர்சிவல். நான்கு ஆண்டுகள் கழித்து மலாயாப் படைக்கே தலைவராக வந்தவரும் அவர்தாம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் அதிகாலையில், பருவமழைக் காலத்திலே, ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். வடக்கிலிருந்து வேகமாக வந்தார்கள். அந்த மாத இறுதியில் தலைமைப் பொறியாளர் சிம்சன் என்பவர் பெர்சிவலைப் பார்த்து, சிங்கப்பூரின் வடகரையில் தற்காப்பு அரண்கள் கட்ட வேண்டும், ஆளும் பொருளும் இருக்கின்றன என்று மன்றாடினார். மறுப்புத்தான் கிடைத்தது. அரண் கட்டினால் படைவீரர்களும் பொதுமக்களும் மனம் தளர்ந்துவிடுவார்களாம்! 1942 பிப்ரவரி 8 இரவில் ஜப்பானியர் அந்த வடகரைப் பக்கமாகவே நீரிணையைக் கடந்தார்கள். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. எல்லாம் 70 நாளில் முடிந்துவிட்டது.

தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. விமானங்கள் போதவில்லை, டாங்கிகளே இல்லை. ஆனால், 'கெட்ட செய்தியைப் பேசினால் மனம் தளரும்' என்று உண்மையை ஒதுக்கி வைத்ததும் அவற்றில் ஒன்று. அதன் விலையைக் கொடுத்தவர் யார்? மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மட்டுமா? சயாம் மரண இரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பவே இல்லை. உங்களில் பலர் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பூட்டனோ இருந்திருப்பார். முடிவு எடுப்பது ஓர் அறையில். அடி விழுவது லயத்தில். இதை நாம் மறக்கக்கூடாது.

சரி, இந்த நோய்க்கு மருந்து உண்டா? உண்டு. இதற்கும் சரித்திரத்தில் சான்று இருக்கிறது.

1961 ஏப்ரல் 17. அமெரிக்க அதிபர் கென்னடி புதிதாகப் பதவிக்கு வந்த நேரம். கியூபா நாட்டைவிட்டு வெளியேறியிருந்த ஏறக்குறைய 1,400 பேருக்குப் பயிற்சி கொடுத்து, பன்றிகள் விரிகுடா என்ற இடத்தில் இறக்கினார்கள். மூன்று நாளுக்குள் எல்லாம் தோற்றுப் போயிற்று. 1,100 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். அந்தத் திட்டத்தைப் பேசிய அறையில் இருந்தவர்கள் எல்லாம் மெத்தப் படித்தவர்கள். அவர்களில் வரலாற்றாசிரியர் ஷ்லெசிங்கர் தம் ஐயத்தை எழுத்தில் கொடுத்திருந்தார். ஆனால் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. பின்னாளில் அந்த மௌனத்தை நினைத்து வருந்தி எழுதினார். படிக்கும்போது எனக்கு அந்தக் குலை வெட்டும் அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. வெள்ளை மாளிகையானால் என்ன, தோட்டத்து மண்டபமானால் என்ன, எழுந்து நிற்கும் கால் ஒரே மாதிரிதான் நடுங்குகிறது.

அடுத்த ஆண்டு, 1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் நாட்டு ஏவுகணைகள். உலகமே அணுப்போரின் விளிம்பில் நின்ற 13 நாட்கள். அதே கென்னடி, பெரும்பாலும் அதே ஆலோசகர்கள். ஆனால் இம்முறை கூட்டம் நடத்திய விதம் வேறு. அதிபர் சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. தாம் இருந்தால் தம் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதவியில் சிறியவரும் பெரியவரும் சமமாகப் பேசினார்கள். சிறு குழுக்களாகப் பிரிந்து திட்டம் தீட்டி, ஒரு குழுவின் திட்டத்தில் இன்னொரு குழு ஓட்டை தேடியது. உடனே குண்டு போடலாம் என்று தொடங்கிய பேச்சு, கடலில் கப்பல்களைத் தடுத்து நிறுத்தலாம் என்ற முடிவுக்கு வந்தது. போர் வராமல் தப்பியது. மனிதர்கள் அதிகம் மாறவில்லை. பேசும் முறை மாறியது. இதைத்தான் ஜேனிஸ் தம் நூலில் எடுத்துக் காட்டினார்.

வள்ளுவர் இதை எப்போதோ சொல்லிவிட்டார். 'பெரியாரைத் துணைக்கோடல்' என்ற அதிகாரத்தைப் பாருங்கள். குறை சொல்லித் திருத்த ஆள் இல்லாத அரசனை வீழ்த்தப் பகைவன் தனியாக வர வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. ஆகவே தலைவர்களே, உங்களிடம் 'இல்லீங்க, இது சரியா வராது' என்று சொல்பவர் உங்கள் பகைவர் அல்லர். அவர்தாம் உங்கள் காவல்காரர்.

இனி, நம் தோட்டத்துக் கூட்டங்களில் என்ன செய்யலாம் என்று ஐந்து யோசனைகளைச் சொல்கிறேன். செலவு ஒரு காசும் இல்லை.

ஒன்று: தலைவர் கடைசியாகப் பேசட்டும். தலைவர் முதலில், "நான் இப்படி நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. மற்றவர் கருத்தைக் கேட்டு முடித்தபிறகு தம் கருத்தைச் சொன்னால், தலைவரின் மதிப்பு குறையாது, கூடும்.

இரண்டு: மறுத்துப் பேசும் வேலையை ஒருவருக்குக் கொடுங்கள். கூட்டத்துக்கு ஓர் ஆள், முறை வைத்து மாறட்டும். "இன்னைக்கு ஓட்டை கண்டுபிடிக்கிறது உங்க வேலை அண்ணே" என்று தலைவரே சொல்லிவிட்டால், அவர் பேசுவதை யாரும் பகை என்று எண்ணமாட்டார்கள்.

மூன்று: பின்வரிசையை முதலில் கேளுங்கள். நம் கூட்டங்களில் தாய்மார்கள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை இரவில் படிக்கிறானா, பாடப்புத்தகத்தைப் பார்த்தால் அழுகிறானா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பேசுவதெல்லாம் முன்வரிசை ஆண்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து பத்து நிமிடம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். மேடையில் பேசக் கூசுபவரும் அங்கே பேசுவார்.

நான்கு: துண்டுச் சீட்டு கொடுங்கள். பெயர் வேண்டாம். கேள்வி இதுதான்: "இந்தத் திட்டம் ஒரு வருடம் கழித்துத் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் தோற்றது?" எழுத முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். இந்தச் சீட்டு 2013இல் எங்களிடம் இருந்திருந்தால் அந்த அப்பா எழுதியிருப்பார். நானும் எழுதியிருப்பேன்.

ஐந்து: பெரிய காரியமாக இருந்தால் அன்றைக்கே முடிக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கூடுங்கள். பெண் பார்த்த அன்றைக்கே தாலி கட்டிவிடுகிறோமா? வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுத்தானே சொல்கிறோம்? பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் அந்த யோசனை வேண்டாமா?

அடுத்து இலக்கைப் பற்றிச் சில வார்த்தைகள். தலையாட்டலும் தவறான இலக்கும் கூடப் பிறந்தவை. எண்ணிக்கை ஒன்றைத் தூக்கிப் பிடித்துவிட்டால், அதற்கு எதிராக வரும் உண்மையைப் பேச யாருக்கும் வாய் வராது.

1986 ஜனவரி 28ஆம் நாள் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் போல் ஒரு பள்ளி ஆசிரியை, கிறிஸ்டா மெக்காலிஃப். விண்ணிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த இருந்தவர். 1985இல் ஒன்பது பயணங்கள் நடந்திருந்தன. அதை இன்னும் பெருக்க வேண்டும் என்ற அவசரம் இருந்தது. இராக்கெட்டின் மூட்டுகளில் இருந்த ரப்பர் போன்ற வளையங்கள் குளிரில் விறைத்துப் போகும், நாளைக்கு ஏவ வேண்டாம் என்று முதல் நாள் இரவே பொறியாளர்கள் சொன்னார்கள். மேலதிகாரிகள் அவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே கூடிப் பேசி 'சரி' என்றார்கள். கைக்குள் வேலை தெரிந்தவன் 'வேண்டாம்' என்கிறான். கணக்குப் பார்ப்பவன் 'போகட்டும்' என்கிறான். பிரட்டுக் களத்திலே இதை நாம் பார்த்ததில்லையா?

அப்படியானால் இலக்கே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். நல்ல இலக்கு எப்படி இருக்கும் என்பதற்கு நம் தாத்தா பாட்டிமார்களே சான்று. நாடு விடுதலை பெற்ற காலத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடலால் வேலையும் போயிற்று, இருந்த வீடும் போயிற்று. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 'தமிழர் முன்னேற வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளி கட்டலாம், சேர்ந்த பணத்தில் தோட்டம் வாங்கலாம். இவ்வளவுதான்! அன்றைய கூலிக்கு 10 வெள்ளி சிறிய தொகை அன்று. ஆனாலும் பால்மரம் சீவிய ஒவ்வொருவருக்கும், நான் என்ன செய்ய வேண்டும், இந்த மாதம் செய்தேனா இல்லையா என்பது தெரிந்தது. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். அதன்பின் பல தோட்டங்கள். அந்த இலக்கில், யாராவது வராமல் இருந்தால் நல்லது என்ற கணக்கே கிடையாது. ஒருவர் கூடுதலாக வந்தால் இலக்கு கிட்டே வந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், லோரி ஓட்டும் அண்ணன்மார்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் மரக்கட்டை ஏற்றும் லோரிகள், சட்டம் அனுமதித்த எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் ஏற்றி வந்தன. 'உங்களால் முடிந்தவரை ஏற்றுங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. பிறகு 94 விழுக்காடு என்று தெளிவான இலக்கு வைத்தார்கள். எட்டாவிட்டாலும் யாருக்கும் தண்டனை இல்லை என்றும் சொன்னார்கள். சில மாதங்களில் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 1975இல் வெளிவந்த ஆய்வு இது. தெளிவு இருந்தது, பயம் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் இலக்கு வேலை செய்யும்.

ஆகவே இலக்கு வைக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த இலக்கில் விட்டுப் போகிறவர் யார்? நாளைக் காலையில் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது என்ன? பாதி வழியில் எப்போது நின்று பார்க்கப்போகிறோம்? 'முடியவில்லை' என்று சொல்பவரைத் திட்டாமல் கேட்போமா? நான்குக்கும் பதில் இருந்தால் பதாகை கட்டுங்கள். இல்லையென்றால் பதாகைத் துணியை மிச்சப்படுத்துங்கள்.

அடுத்து வரும் நம் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்கான இலக்கைப் பேசப்போகிறோம். என் யோசனை ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நம் பள்ளியின் ஒவ்வொரு பிள்ளையும் யார் துணையும் இல்லாமல் ஒரு பக்கம் தமிழ் படிக்க வேண்டும். அதற்குப் பள்ளியில் தினம் இருபது நிமிடம், வீட்டில் பத்து நிமிடம். படிக்கத் தெரியாத அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிப் பார்ப்போம். தடுமாறும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுப்போம்.

இது என் யோசனைதான். இதற்கும் கைதட்டிவிடாதீர்கள்! வீட்டுக்குப் போய் யோசியுங்கள். இதில் என்ன ஓட்டை இருக்கிறது, இரவு வேலைக்குப் போகும் பெற்றோர் என்ன செய்வார்கள், பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கு யார் உட்காருவார்கள் என்று கூட்டத்தில் வந்து கேளுங்கள். நான் கோபப்பட மாட்டேன். கோபம் வந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நண்பர்கள் எல்லாரும் ஆற்றில் குளிக்கலாம் என்று கிளம்பும்போது, 'இன்னைக்குத் தண்ணி ஜாஸ்தி, வேணாம்டா' என்று சொல்கிறவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாதீர்கள். அன்றைய தலைவன் அவன்தான். வகுப்பில் புரியவில்லை என்றால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். நீங்கள் ஒருவர் சொன்னால், புரியாமல் உட்கார்ந்திருக்கும் இன்னும் ஐந்து பேருக்கு மூச்சு வரும்.

தொழிலாளத் தோழர்களே, கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சமாக இருந்தால், ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இதில் விட்டுப்போறது யாருங்க?" அந்த ஒரு கேள்வி போதும்.

அந்தப் பையனை நான் பின்னர் பார்க்கவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்: இல்லை தம்பி, நீ வராவிட்டால் நூறு வராது. நீயும் சேர்ந்தால்தான் அது நூறு.



வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!